பாங்கொக்கில் இறங்கியாச்சு, இனி வெளியூருக்கு எதில் போவது?

திருகோணமலையில் ஓட்டோவில் ஏறி "பஸ் ஸ்டாண்டுக்கு விடுங்கோ அண்ணா" என்றால் எந்த ஸ்டாண்ட் என்று அவர் திருப்பிக் கேட்க மாட்டார். பாங்கொக்கில் அதுதான் முதல் கேள்வி. வெளியூர் பஸ்ஸுக்கு மூன்று பெரிய நிலையங்கள், ரயிலுக்கு மூன்று, விமானத்துக்கு இரண்டு, எல்லாம் நகரத்தின் மூலைக்கொன்றாகக் கிடக்கின்றன. பஸ்ஸா ரயிலா என்று வீட்டில் இருந்து இரவிரவாக வாதாடுகிறோம், விலையை ஒப்பிடுகிறோம், ஆனால் அது எங்கிருந்து வெளிக்கிடுகிறது, நாங்கள் தங்குகிற இடத்திலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

முதல் முறை குடும்பமாகப் போனபோது நடந்தது இது. கொழும்பிலிருந்து இரவு விமானம், விடியப்புறம் சுவர்ணபூமியில் இறங்கினோம், ஒன்பதரைக்கு சியாங் மாய் போக மலிவு விமானம் ஒன்று பதிந்து வைத்திருந்தேன், நேரம் இருக்கிறதுதானே என்று பிள்ளைகளுக்குச் சாப்பிட வாங்கிக் கொடுத்து ஆறுதலாக இருந்துவிட்டு உள்நாட்டு விமானங்களின் பலகையைப் பார்த்தால் எங்கள் விமானம் அதில் இல்லை. அது டொன் முவாங்கில். நகரத்தின் மற்றப் பக்கம், 40 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் திங்கட்கிழமைக் காலை. டிக்கெட்டில் மூன்றெழுத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது: பிகேகே என்றால் சுவர்ணபூமி, டிஎம்கே என்றால் டொன் முவாங். வாசிக்காமல் விட்டது நான். டாக்ஸியில் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். நாலு பேருக்குப் புது டிக்கெட். மனைவி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்கும் இடைக்கிடை சொல்கிறார்.

அதற்குப் பிறகு நாலு தடவை போய் வந்துவிட்டேன். உவர்மலையிலும் உப்புவெளியிலும் இருந்து பிரதுனாம் பக்கம் உடுப்பு வாங்கப் போகிற ஆட்கள், லீவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பதால் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில், நீங்கள் பாங்கொக் நகரத்துக்குள் போகவே வேண்டுமா என்று யோசியுங்கள். பட்டாயாதான் போகப் போகிறீர்கள் என்றால் நகரத்துக்குள் போய்த் திரும்பி வெளியே வருவது, கட்டுநாயக்கவில் இறங்கி நீர்கொழும்புக்குப் போகக் கொழும்பு கோட்டைக்குப் போய் பஸ் எடுப்பது மாதிரி. சுவர்ணபூமியின் கீழ்த் தளத்திலேயே பட்டாயா பஸ் நிற்கிறது, இரண்டு மணித்தியாலம் அளவில் கொண்டுபோய் விட்டுவிடும், ஹுவா ஹின்னுக்கும் அங்கிருந்தே பஸ் இருக்கிறது. இரவு விமானத்தில் தூங்காமல் வந்த உடம்புக்கு இது பெரிய உதவி. அங்கே எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிற நேரம் என்பதையும் மறக்க வேண்டாம், போன் தானாக மாற்றிக்கொள்ளும், கைமணிக்கூடு மாற்றாது.

நகரத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால் கதை வேறு. வெள்ளிக்கிழமை பின்னேரம், அதோடு மழையும் சேர்ந்தால், சுக்கும்வித் பக்கமிருந்து ஒரு டாக்ஸி தெற்கு பஸ் நிலையத்துக்குப் போவதற்குள் எங்கள் ஊரிலிருந்து ஹபரணைக்கே போய்விடலாம். அதனால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பயண நேரம் என்று நான் எடுப்பது அறைக்கதவைப் பூட்டுகிற நேரத்திலிருந்து அடுத்த ஊரில் அறைக்கதவைத் திறக்கிற நேரம் வரை. இப்படிப் பார்த்தால் ஒரு மணித்தியாலம் பத்து நிமிட விமானம் ஐந்தரை மணித்தியாலமாகும், இரண்டரை மணித்தியால பஸ் நாலாகும், பன்னிரண்டு மணித்தியால இரவு ரயில் பன்னிரண்டரைதான் ஆகும், அதில் எட்டு மணித்தியாலம் தூக்கம்.

பஸ் நிலையங்களைச் சொல்கிறேன். கிழக்குப் பக்கம் போவது, அதாவது பட்டாயா, ரயோங், கோ சாங் தீவுக்குப் போகிற த்ராட் எல்லாம் ஏக்கமாய் நிலையத்திலிருந்து. இது சின்னது, பழையது, ஆனால் மூன்றிலும் சுகமானது இதுதான், மேம்பால ரயிலில் ஏக்கமாயில் இறங்கினால் கிட்டத்தட்ட வாசல். வடக்கும் வடகிழக்கும், அதாவது சியாங் மாய், சியாங் ராய், கோராட், உடோன் தானி, நொங் காய் பக்கமெல்லாம் மோ சிட் நிலையம். இங்கேதான் எல்லாரும் ஏமாறுவது. மேம்பால ரயிலில் மோ சிட் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது, அதில் இறங்கினால் பஸ் நிலையம் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இல்லை, பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற தூரமும் இல்லை, ஓட்டோவோ டாக்ஸியோ பிடித்தாக வேண்டும். மூன்றாவது சாய் தை மை, தெற்கு நிலையம், ஆற்றுக்கு மேற்கே தள்ளி இருக்கிறது. தெற்கு ஊர்களுக்கும் காஞ்சனபுரிக்கும் இங்கிருந்து. மேம்பால ரயிலும் இல்லை, சுரங்க ரயிலும் இல்லை, அதனால் எந்த நேரமென்றாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்கி வையுங்கள். சில கம்பனிகள் ஒரே ஊருக்கு இரண்டு நிலையத்திலிருந்தும் விடுகின்றன, பட்டாயாவுக்கு மோ சிட்டிலிருந்தும் பஸ் உண்டு. டிக்கெட் பதிகிறபோது ஊரின் பெயரை மட்டும் பார்த்து அழுத்தினால் பிறகு அழத்தான் வேண்டும்.

பஸ்ஸின் தரம் எங்கள் சொகுசு பஸ்ஸை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அரசு போக்குவரத்துக் கம்பனி ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் 999 என்று எழுதியிருப்பார்கள், தனியாரில் நக்கொன்சாய் ஏர், சோம்பத் டூர் என்பவை வடக்குப் பக்கம் பெயர் பெற்றவை. 24 ஆசனம் உள்ள விஐபி பஸ் என்றால் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று அகலமான ஆசனம், போர்வை, தண்ணீர்ப் போத்தல், சின்னதாக ஒரு தீன்பொதி, பின்னால் கழிவறை. தனியாகப் போகிற பெண்களுக்கு அந்த ஒற்றை ஆசனத்தைப் பதியச் சொல்வேன். ஒரே குறை குளிர். ஏசியை ஏன் அப்படிப் போடுகிறார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை, திருகோணமலை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தப் போர்வை காணாது, ஒரு சாரமும் காதை மூட ஏதாவதும் கைப்பையில் இருக்கட்டும், கீழே அடுக்கில் போகிற பெரிய பையில் அல்ல.

கீழ் அடுக்கு என்றதும் ஒரு கதை. காவோசான் தெரு பக்கம் தங்கியிருந்தபோது தெருவோரத்து முகவர் ஒருவரிடம் தெற்கே போகிற "டூரிஸ்ட் பஸ்" டிக்கெட் வாங்கினேன், நிலையத்து விலையைவிடக் குறைவு, வாசலிலேயே வந்து ஏற்றுவோம் என்றார்கள். ஏற்றினார்கள்தான். இரண்டு மணித்தியாலம் பிந்தி. காலையில் இறங்கிப் பையைத் திறந்தால் உள்ளே எல்லாம் கலைந்து கிடக்கிறது, சார்ஜரும் ஒரு சின்னக் கமெராவும் இல்லை. இது எனக்கு மட்டும் நடந்ததல்ல, வெளிநாட்டவருக்கென்றே ஓடுகிற இந்த மலிவு இரவு பஸ்களில் ஆள் தூங்கும்போது கீழே சாமானைக் கிளறுவது பல வருடமாகப் பேசப்படுகிற விஷயம். அதனால் நான் சொல்வது: உள்ளூர் ஆட்கள் எந்த பஸ்ஸில் போகிறார்களோ அதில் போங்கள், நிலையத்துக்குள் இருக்கிற கம்பனிக் கவுண்டரில் வாங்குங்கள் அல்லது அந்தக் கம்பனியின் இணையத்தளத்தில். 12கோ போன்ற தளங்களில் பதியலாம், ஆங்கிலத்தில் சுலபம், கொஞ்சம் கூடுதலாக எடுப்பார்கள், டிக்கெட்டே கிடைக்காத ஏப்ரல் புதுவருட நெரிசலில் அந்தக் கூடுதல் காசு எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

வான் பற்றிக் கேட்பீர்கள். தாய்லாந்தில் ரொட் தூ என்பார்கள், பதின்மூன்று பேர் அளவில் ஏற்றுகிற வான். பட்டாயா, அயுத்தயா, காஞ்சனபுரி, ஹுவா ஹின் மாதிரிக் கிட்டத்து ஊர்களுக்கு அடிக்கடி போகும், வேகமாகவும் போகும், அந்த வேகம்தான் எனக்குப் பிடிக்காதது. 2017 ஜனவரி 2ஆம் தேதி சோன்புரி மாகாணத்தில் ஒரு பயணிகள் வானும் ஒரு பிக்கப்பும் மோதி 25 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு சட்டங்களை இறுக்கினார்கள், ஜிபிஎஸ் பூட்டி 90 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தார்கள். நிலைமை முன்னையைவிடப் பரவாயில்லை. ஆனாலும் சாமான் வைக்க இடமே இல்லை, பெரிய சூட்கேஸ் என்றால் அதற்கும் ஒரு ஆசனக் காசு கேட்பார்கள், கழிவறை கிடையாது, அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏறி இறங்குவதே சிரமம். பழைய பதிவுகளில் வான் எல்லாம் வெற்றி நினைவுச்சின்னச் சந்தியிலிருந்து போகும் என்று எழுதியிருக்கும், 2016 கடைசியில் அவற்றை அங்கிருந்து எழுப்பி பஸ் நிலையங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு முதுகுப்பையோடு பகலில் இரண்டு மணித்தியாலம் போக வேண்டுமென்றால் வான் சரி. இரவில் நான் ஏற மாட்டேன்.

இனி ரயில். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், ஏனென்றால் இரவு ரயிலில் விடிய விடியக் கொழும்பு கோட்டையில் போய் இறங்கிப் பழகின ஊர்க்காரர் நாங்கள், ரயிலில் தூங்குவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ரயிலில் பெரும்பாலும் இருந்தபடி தூங்குகிறோம், அங்கே படுத்துத் தூங்கலாம்.

பழைய பெரிய நிலையம் ஹுவா லம்போங், 1916இல் திறந்தது, அரைவட்டக் கூரையோடு பார்க்க அழகு. 2023 ஜனவரி 19 முதல் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பாதைகளின் தூர ரயில்களை அங்கிருந்து எடுத்து குருங் தேப் அபிவத் என்ற புது நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாங் சூ என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒரே இடம்தான். விமான நிலையம் மாதிரிப் பெரிது, ஏற்றத்துக்குக் கதவு திறக்கும் வரை கீழேயே இருக்க வேண்டும், நடக்கிற தூரமும் அதிகம், அதனால் முக்கால் மணித்தியாலம் முன்னமே போய்விடுங்கள். சுரங்க ரயிலின் நீலப் பாதையில் பாங் சூவில் இறங்கினால் அப்படியே மேலே ஏறலாம், இந்த ஒரு காரணத்துக்காகவே பஸ்ஸைவிட ரயில் எனக்கு முதல் தெரிவு, நெரிசலைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. நின்று நின்று போகிற சாதாரண ரயில்களும் கிழக்குப் பாதையும் இன்னும் ஹுவா லம்போங்கிலிருந்துதான். ஆகவே டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை இரண்டு தரம் வாசியுங்கள்.

சியாங் மாய் போக நான் சொல்வது 9ஆம் இலக்க ரயில். மாலை ஆறரைக்குப் பிறகு வெளிக்கிட்டு மறுநாள் காலை ஏழு மணி தாண்டிப் போய்ச் சேரும், ரயில் பாதையில் 751 கிலோமீற்றர். 2016இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள், சுத்தம், ஒவ்வொரு படுக்கைக்கும் விளக்கும் திரையும் சார்ஜ் பண்ண இடமும் உண்டு. இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை ஆயிரம் பாட் அளவில் வரும். மேல் படுக்கை கொஞ்சம் மலிவு, ஆனால் ஒடுக்கம், ஜன்னலும் இல்லை. கீழ்ப் படுக்கை அகலம், ஜன்னல் உண்டு. ஒரு சின்னப் பிள்ளையோடு தாய் ஒருவர் கீழ்ப் படுக்கையில் சமாளித்துவிடலாம். இரவானதும் பணியாளர் வந்து ஆசனங்களைப் படுக்கையாக மாற்றி வெள்ளைத் துணி விரித்துத் தருவார், அதை எங்கள் பிள்ளைகள் ஏதோ மாயவித்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில இரவு ரயில்களில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் என்று ஒரு பெட்டியே உண்டு, தனியாகப் போகிற தங்கச்சிமார் பதியும்போது அதைத் தேடிப் பாருங்கள். இரண்டு பேருக்கான முதல் வகுப்பு அறையும் இருக்கிறது, காசு கிட்டத்தட்ட விமானத்துக்குக் கொடுக்கிற அளவு போய்விடும், புதுமணத் தம்பதிகள் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பிந்துமா என்றால், பிந்தும். அரைமணி, ஒரு மணி என்பது சாதாரணம். அன்றைக்கே வேறு விமானமோ கப்பலோ பிடிக்க வேண்டியிருந்தால் இடையில் நிறைய இடைவெளி விடுங்கள்.

கிட்டத்து ஊர்களுக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பு, ஜன்னல் திறந்தபடி, மின்விசிறி. அயுத்தயா 80 கிலோமீற்றருக்குள்தான், டிக்கெட் விலை இருபது பாட் அளவு, ஒரு போத்தல் குளிர்பானத்தின் காசு. ஏசி தேவையில்லை என்றால் இதற்கு வானெல்லாம் வீண். காற்று நன்றாக வரும், கூடை கூடையாக வறுத்த கோழியும் சோறும் விற்றுக்கொண்டு வருவார்கள், கல்ஓயாவில் ரயில் நிற்கும்போது வடை விற்க ஏறுகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

காஞ்சனபுரிக்குத்தான் நான் ரயில் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன். அது ஆற்றுக்கு மேற்கே தொன்புரி என்ற சின்ன நிலையத்திலிருந்து போகிறது, காலையில் ஒன்று, பிற்பகல் ஒன்று, இரண்டே இரண்டு ரயில்தான், மூன்றாம் வகுப்பு மட்டும், வெளிநாட்டவருக்கு 100 பாட். காலை ரயிலைப் பிடியுங்கள். இடது பக்க ஜன்னலில் இருந்தால் குவாய் ஆற்றுப் பாலம் தாண்டி, மலையை ஒட்டி மரப்பாலத்தில் ரயில் ஊருகிற இடத்தில் கீழே ஆறு தெரியும். இந்தப் பாதையை 1942, 43இல் ஜப்பானிய இராணுவம் போட்டது, 415 கிலோமீற்றர், பர்மா வரை. போர்க்கைதிகளைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசும், ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஆசை காட்டியும் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் அங்கே காய்ச்சலிலும் கொலராவிலும் பசியிலும் போனார்கள். காஞ்சனபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, எங்கள் நிலாவெளி வீதியில் இருக்கிற போர் மயானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புல்லும் அந்தக் கல்லின் வடிவமும் அப்படியே தெரியும். அதே யுத்தம்தான், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் எங்கள் ஊர்ச் சீனக்குடாவில் குண்டு போட்ட அதே யுத்தம். அங்கே வரிசையில் நின்று பெயர்களை வாசித்துக்கொண்டு போனேன். தமிழ்ப் பெயர் தேடினேன். அந்தத் தொழிலாளிகளுக்கு அப்படித் தனித்தனிக் கல் கிடைக்கவில்லை. சரி, வழிக்கு வருவோம்.

விமானம். புக்கெட்டுக்கு ரயில் கிடையாது, பஸ் பன்னிரண்டு மணித்தியாலம் அளவில், அதனால் புக்கெட், கிராபி என்றால் யோசிக்காமல் பறந்துவிடுங்கள். ஏர்ஏசியா, நொக் ஏர், தாய் லயன் ஏர் போன்றவை டொன் முவாங்கிலிருந்துதான் பெரும்பாலும், விலை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கையில் கொண்டுபோக 7 கிலோதான், பிரதுனாமில் உடுப்பு அள்ளிக்கட்டின பிறகு அந்த அழகு போய்விடும், பெட்டிக்குத் தனிக் காசு, அதையும் முன்னமே இணையத்தில் கட்ட வேண்டும், கவுண்டரில் கட்டினால் காசு அதிகம். என் யோசனை, உடுப்பு வாங்குகிற வேலையைக் கடைசி இரண்டு நாளுக்கு வையுங்கள். அல்லது வாங்கினதை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்து எடுங்கள், அனேகமான ஹோட்டல்களில் வைத்திருப்பார்கள்.

ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றதற்கு மாற வேண்டியவர்களுக்கு, அன்றைய அடுத்த டிக்கெட்டைக் காட்டினால் இலவச பஸ் இருக்கிறது. நெரிசலுக்குப் பயமென்றால் சுவர்ணபூமியிலிருந்து விமான நிலைய ரயிலில் மக்கசான், அங்கே சுரங்க ரயிலுக்கு மாறி பாங் சூ, அங்கே சிவப்புப் பாதைக்கு மாறி டொன் முவாங் வாசலிலேயே இறங்கலாம். இரண்டு தரம் மாறுவதால் பெட்டியோடு அலுப்புத்தான், ஆனால் நேரத்தை நம்பலாம். எப்படிப் போனாலும் இரண்டு விமானத்துக்கும் நடுவில் ஐந்து மணித்தியாலமாவது விடுங்கள். பதியும்போது கடவுச்சீட்டில் இருக்கிறபடியே பெயரைப் போடுங்கள், எங்கள் பெயர்களின் நீளத்துக்கு அந்தக் கட்டங்கள் காணாது, அப்பாவின் பெயரை எந்தக் கட்டத்தில் போட்டோம் என்று பிறகு தடுமாறக் கூடாது.

தீவுகளுக்குப் போவது பற்றி, உண்மையைச் சொன்னால் நிலாவெளியும் புறாமலையும் வீட்டு வாசலில் இருக்கிற எங்களுக்குக் கடல் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அம்மா கேட்டார், என்னிடம் பதில் இல்லை. போகத்தான் வேண்டும் என்றால் சமுய், பங்கான், டாவ் தீவுகளுக்கு இரண்டு வழி, சும்போன் வரை போய்க் கப்பல், அல்லது சூரத் தானி வரை போய்க் கப்பல். பஸ்ஸும் கப்பலும் சேர்ந்த ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், தனித்தனியாக வாங்கினால் பஸ் பிந்தினதற்குக் கப்பல் காத்து நிற்காது. சூரத் தானி ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, பதினாலு கிலோமீற்றர் அளவில் தள்ளி புன்பின்னில், கப்பல்துறை இன்னும் வெகு தூரம். சமுயில் விமான நிலையம் உண்டு, பாங்கொக் ஏர்வேஸுக்குச் சொந்தம், விலை அதற்கேற்றபடி. சூரத் தானிக்கு மலிவாகப் பறந்து அங்கிருந்து பஸ்ஸும் கப்பலும் எடுப்பது நடுத்தர வழி.

காலத்தைப் பார்க்க எங்களுக்கு ஒரு சுலபமான குறி இருக்கிறது. சமுய் பக்கம் எங்கள் கிழக்குக் கரை மாதிரி, வாடைக்காற்றோடு திருகோணமலையில் மழை கொட்டுகிற காலத்தில் அங்கேயும் கொட்டும், நவம்பரில் கப்பல் நிற்கிற நாட்களும் உண்டு. புக்கெட், கிராபி பக்கம் கொழும்பு மாதிரி, மே தொடக்கம் ஒக்டோபர் வரை மழையும் அலையும். ஓகஸ்டில் போனால் சமுய், ஜனவரி பெப்ரவரியில் போனால் புக்கெட். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை பாதைப் படகுக்குக் காத்து நின்ற ஊர்க்காரருக்கு, கடல் விடாவிட்டால் பயணம் இல்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

மலேசியாவில் சொந்தம் இருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று, பாங்கொக்கிலிருந்து ரயிலில் கோலாலம்பூர் போகலாமா. போகலாம். பிற்பகலில் வெளிக்கிடுகிற ரயில் மறுநாள் காலை எல்லையில் பாடாங் பெசார் வரை போகும், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு நாட்டுக் குடிவரவும் முடிந்துவிடும், அங்கிருந்து மலேசிய ரயில். மலேசிய நேரம் ஒரு மணித்தியாலம் முன்னால், அடுத்த ரயிலைப் பதியும்போது அதைக் கணக்கெடுங்கள். மலேசிய விசா கையில் இல்லாமல் ஏற வேண்டாம். தெற்கே யாலா, பத்தானி, நராத்திவாத் மாகாணங்கள் வழியாகப் போகிற பாதையை விட்டுவிடுங்கள், அங்கே பல வருடமாகக் குண்டுவெடிப்பும் மோதலும் நடக்கிற இடம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எங்கள் சித்திரை வருடப்பிறப்பு லீவில் போகாதீர்கள், போனால் டிக்கெட்டை இரண்டு மாதத்துக்கு முன்னமே பதிந்துவிட்டுப் போங்கள். ஏப்ரல் 13 தொடக்கம் 15 வரை அங்கே சொங்க்ரான், அவர்களின் புதுவருடமும் அதே நாள்தான். கொழும்பு வேலைக்காரர் எல்லாம் ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நெருக்கியடிக்கிறதை நினைத்துக்கொள்ளுங்கள், அதைப் பாங்கொக் அளவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். ரயில் படுக்கை இருக்காது, நல்ல பஸ் இருக்காது, மிஞ்சுவது வானும் தெருவோர முகவர்களும்தான், அந்த வாரத்தின் வீதி விபத்துகளுக்காகவே அவர்கள் "ஏழு ஆபத்து நாட்கள்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் பாங்கொக்கிலேயே இருந்து தண்ணீர் அடி வாங்குவது உத்தமம்.

சாப்பாடு. இரவு பஸ் நடுவழியில் ஒரு இடத்தில் நிறுத்தும், பல கம்பனிகளின் டிக்கெட்டோடு ஒரு சாப்பாட்டுத் துண்டும் தருவார்கள், அதைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் "ஜே" என்று சொன்னால் விளங்கும், மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தில் எழுதியிருப்பார்கள், வெங்காயம் உள்ளிகூட அதில் சேராது. "மூ" என்றால் பன்றி, கிண்ணியா மூதூர்ப் பக்கத்து ஆட்கள் இந்த ஒரு சொல்லை மனதில் வைத்திருங்கள், தெற்கே போகப் போக ஹலால் கடை தாராளம், வடக்கே குறைவு. நாங்கள் பணிஸும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டுதான் ஏறுவோம்.

திரும்பி வரும்போது கொழும்பு விமானத்துக்கு முதல் நாளே பாங்கொக் வந்துவிடுங்கள். இரவு ரயிலில் வந்து அன்று காலையே விமானம் பிடிக்கலாம் என்று மச்சான் ஒருவர் துணிந்து பதிந்தார், ரயில் இரண்டரை மணித்தியாலம் பிந்தியது, அவர் பிடித்தார், ஆனால் பெட்டி ஒன்று ரயிலிலேயே போய்விட்டது. அதற்குள் இருந்தது முழுக்கப் பிரதுனாம் உடுப்பு, பாதி மற்றவர்கள் காசு கொடுத்து வாங்கச் சொன்னது.